மாரடிச்சதா, மாரடைச்சதா?

1

"ஏண்டி, உனக்கு இன்னாத்துக்கு அது? அடுப்புல உலை கொதிக்குதான்னு போய்ப் பாரு. எந்த வூட்டு மருமவ எந்த மாமியார அடிச்சான்னு கண்டம் தாண்டிக் கேக்கறதுக்குத்தான் உன் புருசன் போன் வாங்கிக் குடுத்தானா?"

நேற்று வள்ளியை இப்படித்தான் திட்டினேன். வள்ளி, என் ஓரகத்தி பச்சையம்மாளின் மருமகள். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் பூட்டிய வீட்டுக்கு ஒட்டுச்சுவர் வீட்டில் இருக்கிறாள். பச்சையம்மாளுக்கு முதல் வருஷத் திவசம் வருகிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். சொன்னதும் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"கோச்சிக்காதீங்க பெரியத்த. போன வருசம் கவிதாக்கா உங்கள நெஞ்சு மேலயே அடிச்சி ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்க. மெய்யா?"

"ஆமா, அடிச்சா. அப்புறம் வேகவெச்சித் தின்னுட்டா. இப்ப பேசறது என் ஆவி."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. என் மருமகள் கவிதா என்னை அடித்தாள் என்று தெருவில் பாதிப் பேர் நம்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் நடந்ததை எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகன் சேகர் எழுதுகிறான். என் பேச்சை ஏட்டுத் தமிழாகத் துவைத்துக் காயப்போடுகிறான். மனுஷர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே வை என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்கிறேன்: நடந்தது எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை. விளங்கின அளவுக்குத்தான் உங்களுக்கும் விளங்கும்.

2

மெல்பர்னில் ஆடி மாதம் என்றால் குளிர். ஊரில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இங்கே நான் கம்பளிக்குள் கிடப்பேன். காலையில் எழுந்தால் மூன்று குப்பைத்தொட்டிகள் என்னைப் பார்த்து நிற்கும். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி. எதை எதில் போட வேண்டும் என்று பேத்தி யாழினி எனக்குப் பாடம் எடுப்பாள். இந்த நாட்டில் குப்பைக்குத்தான் சாதி பார்க்கிறார்கள்.

யாழினிக்கு நான் பேசுவது புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நான் தமிழில் வீசுவேன், அவள் இங்கிலீஷில் பிடிப்பாள். நடுவில் பாதி கீழே விழுந்துவிடும்.

சேகருக்குச் சுரங்கத்தில் வேலை. விமானம் ஏறிப் போனால் திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். மருமகள் கவிதா உளுந்தூர்பேட்டைக்காரி. அவள் அப்பா அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருந்தார். லாரிக்காரர்களை அதட்டி அதட்டி வளர்ந்த பெண், குரல் கொஞ்சம் ஜாஸ்தி. இங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை செய்கிறாள். ஊரில் அதைப் பால்வாடி ஆயா வேலை என்போம். இங்கே அதற்குப் படிப்பு, பரீட்சை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் வேண்டும். யார் மேலாவது கை ஓங்கினாள் என்று ஒரு புகார் போதும், அந்த வேலை போய்விடும். அப்புறம் எங்கேயும் கிடைக்காது.

போன வருஷம் ஆடியில் ஒருநாள் மத்தியானம் ஊரிலிருந்து போன் வந்தது. பச்சையம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மாரடைப்பு.

இங்கேதான் என் முதல் குழப்பம். பச்சையம்மாளுக்கும் எனக்கும் ஆகாது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலில் வாழ்ந்தோம். அவள் கோழி என் நெல்லைத் தின்னும், என் நாய் அவள் கோழியைத் தின்னும். ஒருதடவை எல்லோருமாக வெள்ளிமலைக்குச் சாமையும் பலாப்பழமும் வாங்க ஜீப்பில் போனோம். மலைப்பாதையின் வளைவில் என் புதுப்புடவை மேலேயே வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, "உன் புடவை நாத்தத்துலதான் எனக்கு வாந்தியே வந்துச்சி" என்றாள். அப்படிப்பட்டவள்.

அவள் செத்தாள் என்றதும் நான், "அப்பிடியா" என்றேன். போனை வைத்தேன். டீ குடித்தேன். மஞ்சள் மூடித் தொட்டியில் பால் டப்பாவைப் போட்டேன். கவிதா அன்றைக்குக் குழந்தைகள் இடத்துக்குப் போகவில்லை; உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை மீட்டிங்கில் இருந்தாள். யாழினி பள்ளிக்கூடத்தில். நான் கார் நிறுத்தும் ஷெட்டுக்குள் போனேன். எதற்குப் போனேன்? தெரியாது. வெங்காயம் எடுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கை தானாக எழும்பியது. மாரில் விழுந்தது. மறுபடி எழும்பியது. வாயில் பாட்டும் வந்துவிட்டது. "வாசலிலே வாய்ச்சண்ட போட, வாயாடிய நான் எங்க தேட" என்று. அவளைத் திட்டுகிறேனா, அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. குளிர் ஊர், கதவெல்லாம் கெட்டியாகச் சாத்துவார்கள். ஒரு சத்தம் வெளியே போகாது. எவ்வளவு நேரம் அடித்துக்கொண்டேன் என்று நினைவில்லை. கை சோர்ந்த பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து குழம்பு வைத்தேன். கவிதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்கினாள். "நீங்க அழலியா அத்த?" என்றாள். "அவளுக்கா?" என்றேன்.

3

மறுநாள் எழுந்தால் மூச்சு விட்டாலே மார் நோகிறது. குனிந்தால் உயிர் போகிறது. "நெஞ்சு நோவுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கவிதா என்னையும் யாழினியையும் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

அங்கே முதலில் ஒரு போனை வைத்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் தமிழ் பேசினாள். மொழிபெயர்த்துச் சொல்கிறவள். இலங்கைத் தமிழ்.

"வணக்கம் அம்மா. என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ."

"நோவுதும்மா."

"எங்க நோகுது?"

பரவாயில்லையே, நோவு எங்களுக்கும் அவர்களுக்கும் பொது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கடகடவென்று சொன்னேன்: "மாருதாம்மா. என் ஓரகத்திக்கு மாரடச்சிப் போச்சி. அதான் நான் மாரடிச்சிக்கினேன். அதுலருந்து நோவுது."

போனில் கரகரவென்று சத்தம். "ஆருக்கு மாரடைச்சது? உங்களுக்கோ?"

"அவளுக்கு மாரடச்சிது. எனக்கு மாரடிச்சிது."

"ரெண்டு பேருக்குமோ!"

அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் படுக்கையில் போட்டார்கள். ஒருத்தி கையில் ஊசி, ஒருத்தி விரலில் கிளிப், ஒருவன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். "எம்மா, அடச்சது இல்ல, அடிச்சது, அடிச்சது" என்று நான் கத்துகிறேன். போன் பின்னால் மேஜையிலேயே இருந்துவிட்டது. கவிதா கூடவே ஓடி வந்து, "ஒண்ணும் ஆகாது அத்த, கம்முனு இருங்க" என்கிறாள். அவளுக்கும் தெரியாதே. நான்தான் சொல்லவில்லையே.

ஒரு அறையில் மாரில் ஏதோ கூழைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, டிவியில் காட்டினார்கள். சின்னதாக ஒன்று மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஆடி மழைக்கு வரப்பில் உட்காரும் தவளைக்குத் தாடை அடிக்குமே, அதே மாதிரி. இதுதான் உங்கள் இதயம் என்று டாக்டர் தம்பி கையால் காட்டினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதுவா நேற்று ஷெட்டுக்குள் என்னை அப்படி ஆட்டி வைத்தது? இந்தத் தவளைக்குப் பச்சையம்மாளைத் தெரியுமா? போனை எடுத்து வந்ததும் கேட்டேன்: "எம்மா, இதுல மனசு எந்தப் பக்கம் கீதுன்னு கேளு."

"அம்மா, அதை இங்கிலீசில கேக்க ஏலாது" என்றாள்.

4

கூழைத் துடைத்த நர்ஸ்தான் பார்த்தாள். நடு மாரில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவள் முகம் மாறியது. கவிதாவைப் பார்த்தாள். மரியாதையாகச் சிரித்துக்கொண்டே அவளை வெளியே போய் உட்காரச் சொன்னாள்.

பிறகு பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. வீட்டில் யாராவது யாரையாவது கொடுமைப்படுத்தினால் விசாரிக்கிற உத்தியோகமாம். ரொம்ப அன்பாகப் பேசினாள். அன்பாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

"உங்கட நெஞ்சில காயம் இருக்கு. ஆர் அடிச்சது எண்டு கேக்கினம்" என்றது போன்.

"நாந்தான்."

"நீங்களோ?"

"பின்ன? இந்த வயசுல என் மாரு மேல வேற எவன் கைய வெப்பான்?"

போன்காரி மெதுவாக, "இதை அப்பிடியே சொல்லட்டோ அம்மா?" என்றாள்.

சொன்னாள் போலிருக்கிறது. பச்சைக் கண்ணாடி அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம், உங்கள் மருமகள் இங்கே இல்லை, தைரியமாகச் சொல்லலாம் என்றாள். யாழினி அவளிடம் ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்கிறாள். பிஸ்கோத்து கொடுத்து, வீட்டில் ஆயாவை, அதாவது பாட்டி என்னை, யாராவது அடிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தையும், "அம்மா தினம் ஆயாவை அடிப்பேன்னு சொல்லும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது.

பொய் இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. நான் இனிப்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கவிதா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "அத்த, டப்பா மூடியத் தொட்டீங்க, அடிதான் உங்களுக்கு!" நானும், "அடி பாக்கலாம், வூடு என் புள்ள வூடு" என்பேன். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பாசம். இங்கிலீஷில் போட்டால் கேஸ்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மார் எக்கேடு கெட்டுப் போகட்டும், வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே அவள் பிழைப்பு போகப்போகிறது. "எம்மா, என் மருமவ என்ன ஒரு சொல்லு தப்பா சொன்னது இல்லன்னு சொல்லு" என்றேன். அது கொஞ்சம் பொய்தான். இருக்கட்டும்.

உடனே எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இப்ப என்ன மாதம் அம்மா?"

"ஆடி."

"என்ன காலம்?"

"ஊர்லயா, இங்கயா? அங்க காத்து, இங்க குளிரு. ரெண்டுல எத சொல்லட்டும்?"

பச்சைக் கண்ணாடி எழுதிக்கொண்டாள்.

"உங்கட முழுப்பேர் சொல்லுங்கோ."

"கன்னியம்மா."

"அது முதல் பேர். குடும்பப் பேர்?"

பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பேர் இருக்கிறது. அதை நான் எப்படிச் சொல்வேன்? கட்டின நாளிலிருந்து ரேஷன் கடையில் சொன்னதில்லை, ஓட்டுச் சாவடியில் சொன்னதில்லை. அவர் செத்து சர்டிபிகேட் வாங்கப் போனபோதுகூட என் கொழுந்தனார்தான் சொன்னார். எல்லாப் பொம்பளைகளும் செய்வது போல ஜாடையாகச் சொன்னேன்.

"ஆறுக்கு அடுத்தது இன்னா? அத முன்னாடி வெச்சிக்க. வெள்ளிமலைல வெள்ளியத் தள்ளிட்டா மிச்சம் இன்னா? அத பின்னாடி வெச்சிக்க."

"அம்மா, நாங்கள் கணக்குக் கேக்கேல்லை. பேர் கேக்கிறம்."

மறுபடி கேட்டார்கள். மறுபடி மலையைக் காட்டினேன். பச்சைக் கண்ணாடி நிறைய எழுதினாள். பிறகு போன் குரல் தாழ்ந்து வந்தது: "அம்மா, அவை சொல்லுறதைச் சொல்லுறன். உங்களுக்குச் சொந்தப் பேரே நினைவில்லையாம், குழம்பிப்போய் இருக்கிறியளாம். அதால ஒருத்தரும் அடிக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லுறதை இப்ப எடுக்க ஏலாதாம். உங்களை இங்கயே வச்சிருக்கப்போகினம். மருமகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப்போகினம்."

5

சொன்னால் என்ன ஆகும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். குறைவதற்கு அவருக்கு மிச்சம் ஏது? அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ ஆடி வந்துவிட்டது. ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. வெளியே கவிதா இருமுவது கேட்டது. அவளுக்கு அழுகையை அடக்கினால் இருமல் வரும்.

"ஏழுமலை" என்றேன்.

சொன்னதும், என் மாரோடு ஒயரில் கட்டியிருந்த மிஷின் குய்யோ முறையோ என்று கத்தியது. பச்சைக் கோடு துள்ளித் துள்ளிக் குதித்தது. நர்ஸ் ஓடி வந்தாள். பச்சைக் கண்ணாடி எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயசுப் பெண் மாதிரி முந்தானையைத் தேடினேன். அது ஆஸ்பத்திரி அங்கி, முந்தானை ஏது?

கொஞ்ச நேரத்தில் கோடு தானாகப் படுத்துக்கொண்டது. தவளை பழையபடி மூடி மூடித் திறந்திருக்கும்.

"கன்னியம்மா ஏழுமலை" என்று இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை மிஷின் கத்தவில்லை. "எங்கள்ல பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டோம். குழப்பம்லாம் இல்ல. அத சொல்லு. அப்புறம், செத்த வூட்ல மாரடிச்சி அழுவாங்களே, அதான் நான் செஞ்சது. அடச்சது இல்லம்மா. அடிச்சது."

போனில் ஒரு பெருமூச்சு. "ஐயோ அம்மா, மாரடிச்சு அழுறதோ! செத்தவீட்டில என்ரை அம்மாவும் அப்பிடித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நான் சொந்தமாக் கதைக்கக் கூடாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பிறகு இங்கிலீஷில் பேசினாள். நான் சொன்னது நாலு வார்த்தை. அவள் ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் குரல் உடைந்தது, மறுபடி பேசினாள். என்னைப் பற்றிச் சொன்னாளா, அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பச்சைக் கண்ணாடி அம்மா பேனாவை மூடினாள். எப்படி அடித்துக்கொள்வீர்கள், காட்டுங்கள் என்றாள். கேட்டால் காட்ட வேண்டியதுதானே. எழுந்து உட்கார்ந்து கையை ஓங்கி ஒன்று வைத்தேன். ஏற்கெனவே கன்னிப்போன இடம், கண்ணில் பூச்சி பறந்தது. வாயும் சும்மா இருக்கவில்லை, "வாசலிலே" என்று இழுத்துவிட்டது. இரண்டாவது அடிக்குக் கை எழும்பியது.

விழவில்லை. திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்த கவிதா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"போதும் அத்த. வுடுங்க. போனவங்க போயிட்டாங்க. வுடுங்க."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஊரில் எத்தனை சாவுக்கு மாரடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படிக் கன்னினது இல்லை. ஏனென்றால் நாலு அடி விழுவதற்குள் பக்கத்தில் இருக்கிறவள் கையைப் பிடித்துவிடுவாள். 'போதும் வுடுடி' என்பாள். அதுவும் முறைதான். அடிக்கிறவள் ஒருத்தி, பிடிக்கிறவள் ஒருத்தி. ஷெட்டுக்குள் பிடிக்கிறதுக்கு ஆளில்லை, அதனால் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவள் கைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்னமும் தெரியவில்லை.

பச்சைக் கண்ணாடி அம்மா எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எழுதின தாளில் ஒரு பெரிய கோடு போட்டாள். கவிதாவின் தோளைத் தட்டினாள். யாழினிக்கு இன்னொரு பிஸ்கோத்து கொடுத்தாள்.

6

டாக்டர் தம்பி வந்து, இதயம் ரொம்ப பலமாக இருக்கிறது, காயத்துக்கு மட்டும் மாத்திரை என்று அனுப்பிவிட்டார்.

வழியில் கார் சிக்னலில் நின்றதும் கவிதா வெடித்தாள்.

"வூட்ல நான் ஒருத்தி கீறேனே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? ஷெட்டுல போயா அழுவீங்க?"

"நீ மீட்டிங்ல இருந்தியேம்மா."

"மீட்டிங்கு கெடக்குது மீட்டிங்கு! இன்னொரு தபா தனியா அழுதீங்க..."

"அடிதான் எனக்கு. தெரியும். கொஞ்சம் மெதுவா சொல்லு, பின்னாடி காட்டிக்குடுக்கற ஆளு ஒக்காந்துக்கினு கீது."

யாழினி பின் இருக்கையில் பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கவிதா சிரித்தாளா இருமினாளா, பச்சை விளக்கு வந்துவிட்டது.

டாக்டர் சொன்ன பலம் எது என்று நான் அன்றைக்கு வெகுநேரம் யோசித்தேன். என் வீட்டுக்காரர் செத்தபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஊரே, "நெஞ்சழுத்தக்காரி" என்றது. பச்சையம்மாதான் என் எதிரில் உட்கார்ந்து, அழுடி அழுடி என்று தன் மாரில் அடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. கட்டினவருக்கு அழாத நெஞ்சு, புடவையில் வாந்தி எடுத்தவளுக்கு இப்படி அழுதால், அது பலமா, பலவீனமா? கல்லாக இருந்தது பலமா, கன்னிப்போனது பலமா? மிஷின் ஒரு கோடுதான் காட்டியது. நானும் யோசித்து யோசித்துத் தூங்கிப்போனேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளி உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்திருப்பாள், அவளுக்கும் அந்தக் கூச்சலில் பாதிப் பேருக்கும் 'மாரு', 'அடிச்சி' என்று அரைகுறையாகத்தான் காதில் விழுந்திருக்கும்.

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க கன்னியம்மா?" என்று ஒரே கூச்சல்.

"எல்லாம் மிஷின்ல வெச்சிப் பாத்துட்டாங்கடி. என் மாரு நல்லா கெட்டியா கீதாம். அங்க ஒக்காந்துக்கினு கீற உங்க அத்தினி பேருக்கும் அடிச்சிக்கத் தாங்குமாம். ஆனா ஒண்ணு, அவள மாதிரி சொல்லாம கொள்ளாம சாஞ்சிடாதீங்க. சாவறவ மின்னாடியே ஒரு போன் போடுங்க. நான் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்து அடிச்சிக்கறேன். இங்க கையப் புடிக்க ஒருத்திதான் கீறா. அவளும் காலைல வேலைக்குப் போவணும்."